உங்க ஆபீஸ்ல யாரு செத்தா?

இந்தக் கேள்வி என் காதில் நேரடியாக விழுந்ததல்ல. மக்காத்தி நகரில் போன் வழியாகச் சீட்டாட்டம் நடத்தும் ஒரு நிறுவனத்தில், பதிவுகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஜோவலின் அதே இடத்தில் கேமரா முன் உட்கார்ந்து சீட்டுப் போடுகிறவள். பக்கத்து நகரமான பாசாயில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். அந்த வீட்டுக்காரர் கிறிஸ்புலோ, தெருவுக்கெல்லாம் பூலோ, மாரடைப்பில் இறந்துபோன ஐந்தாம் நாள் அது. சனிக்கிழமை மத்தியானம். அடக்கம் மறுநாள். வேலைக்குக் கிளம்பி இறங்கிவந்தவளை வாசல் கூடாரத்துக்குள் பிடித்து உட்காரவைத்தது பூலோவின் அக்கா நெமி. அன்றைக்கே சாப்பாட்டு இடைவேளையில் ஜோவலின் நெமி பேசியதை எனக்கு நடித்துக் காட்டினாள். அவள் சொன்னபடி எழுத முயன்றிருக்கிறேன். எங்காவது பிசகியிருந்தால் அது என் ஞாபகத்தின் குறை.

*

…அதான் கேக்கறேன், இது சாவு வீடா, போன் ரிப்பேர் கடையா? உக்காரு புள்ள, அஞ்சு நிமிஷம். உன் வேல இன்னிக்கு நாலு மணிக்குன்னு எனக்குத் தெரியும். தர்பூசணி விதை எடுத்துக்க. பிஸ்கட் வேணாம், நமுத்துப்போச்சு.

நாலு மேசை போட்டிருக்கேன். நாலு புதுக் கட்டு சீட்டு. ஆடறது ஒரே மேசை, அதுல மூணு பேர், அதுல ஒருத்தன் தூங்கறான். மத்தவனெல்லாம் பாரு, தலையக் குனிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கான். ரோட்டுல போறவன் பாத்தா, அடடா எவ்ளோ துக்கம்னு நெனப்பான். துக்கமா? பக்காரா. போன்ல பக்காரா சீட்டு ஆடறான். அந்த மீன்காரன் ரொமுலோ இருக்கானே, பூலோ பெட்டிக்கு முன்னாடி நின்னு சிலுவை போட்டான், போட்ட கையாலயே பேங்கர் மேல அம்பது பேசோ வச்சான். கண்ணால பாத்தேன். பூலோவும் பாத்திருப்பான், கண்ணு மூடியிருக்கு, வேற வழியில்ல.

மேல பாரு, கூடாரத்த. பேட்டைத் தலைவர் குடுத்தது. செத்தவன் படம் இத்துனூண்டு, தலைவர் படம் அவ்ளோ பெருசு, பல்லெல்லாம் தெரியுது. நேத்து ஒரு கெழவி உள்ள வந்து அந்தப் படத்தப் பாத்து அழுதுட்டுப் போறா. நான் திருத்தல. அழுகை அழுகதானே.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்… ஆங், டப்பா. இந்த பிஸ்கட் டப்பா. சாவு வீட்டு மேசைல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜெயிச்சவன் காசுல இருந்து ஒரு துண்டு இதுக்குள்ள போகணும். அந்தத் துண்டுலதான் பெட்டி, வண்டி, குழி, எல்லாம். அதுக்காகத்தான் போலீஸ்காரன்கூட சாவு வீட்டு ஆட்டம்னா அந்தப் பக்கம் பாத்துக்கிட்டுப் போறான். போவான், ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவான்.

இப்ப நீ சொல்லு. உங்க ஆட்டத்துலயும் துண்டு எடுக்கறாங்கல்ல? எடுக்கறாங்க. ம். அப்ப உங்க ஆபீஸ்ல யாரு செத்தா?

சிரிக்காத. தெரியாமத்தான் கேக்கறேன். தெனமும் எடுக்கறாங்க, கிறிஸ்மஸ் அன்னிக்கும் எடுக்கறாங்க, எல்லார் கைல இருந்தும் எடுக்கறாங்க. யாரு அது, அடக்கமே ஆகாம அங்க கெடக்கறது? எனக்கு அந்தப் பொணத்தப் பாக்கணும்.

பொணம்னதும் ஞாபகம் வருது. நான் ஒருத்தன பத்தொம்பது நாள் வச்சிருந்தேன். ஆமா, பத்தொம்பது. யாரும் இல்லாத ஆளு, சவக்கெடங்குல கெடந்தான். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் எடுத்தாந்து பெட்டில வச்சாரு, சுத்தி ஆறு மேசை, சாவு வீடுன்னா போலீஸ் கேக்காதே. நான்தான் அவனுக்குப் பொண்ணு. நாளைக்கு ரெண்டு தடவ அழணும், அதுக்கு ஒரு ரேட்டு. பதினஞ்சாம் நாள் அவன் மூக்கு கொஞ்சம் ஒரு பக்கமா போயிடுச்சு, மெழுகு வச்சு ஒட்டினோம். தப்புதான். தப்பில்லன்னு யாரு சொன்னா? ஆனா கடைசில அவனுக்கு ஒரு குழி கெடச்சுது புள்ள, மேல பேரு எழுதின கல்லு கெடச்சுது. பேரு நாங்க வச்சதுதான், இருந்தாலும். உங்க ஆட்டத்துல அத்தன துண்டு எடுத்து எவனுக்கு ஒரு கல்லு வச்சாங்க?

சரி, அத விடு. நான் கேக்க வந்தது வேற. அது நியாயமா நடக்குதா இல்லயா? அத மட்டும் சொல்லு. இரு, நான் கேட்டு முடிச்சிடறேன். ரெண்டு பக்கம், பேங்கரு, பிளேயரு. ரெண்டு பக்கமும் சீட்டுப் போடறீங்க, ஒம்பதுக்குக் கிட்ட வந்த பக்கம் ஜெயிச்சுது. புரிஞ்சுது, சின்னக் கொழந்தைக்கும் புரியும். ஆனா பேங்கர், பேங்கர், பேங்கர், பேங்கர்னு ஏழு தடவ வருதே, எப்பிடி? மேசைக்கு அடில பட்டன் இருக்கா? உன் கால்கிட்ட? எதுக்கு நீ ரெண்டு கையயும் விரிச்சு விரிச்சுக் காட்டற? கைல ஒண்ணும் இல்லன்னு காட்டறவன்கிட்டதான் எனக்கு சந்தேகமே வரும். நான் அப்பிடித்தானே காட்டுவேன்.

என்ன? எட்டுக் கட்டா? எட்டுக் கட்டு சீட்டும் மிஷின் கலைக்குதா. உனக்கே என்ன வருதுன்னு தெரியாதா. யாரு எவ்ளோ வச்சாங்கன்னும் தெரியாதா.

அப்ப அது இன்னும் மோசம்.

நான் ஏமாத்தி இருக்கேன், ஒத்துக்கறேன். என்னோட கட்டுல ஏழு நம்பர் சீட்டுங்க ஓரத்துல நகக்குறி இருக்கும். இந்த ரொமுலோவ எத்தன தடவ ஏமாத்தி இருக்கேன். ஆனா அவன் மூஞ்சியப் பாத்து ஏமாத்தினேன். அவன் பொண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்டற வாரம்னா விட்டுடுவேன். கள்ளு குடிச்சிட்டு வந்த வாரம்னா உரிச்சிடுவேன். முடிஞ்சதும் காப்பி குடுப்பேன், திட்டுவேன், பொண்டாட்டிகிட்ட போன்னு தொரத்துவேன். உன் மிஷினுக்கு ரொமுலோவத் தெரியுமா?

தெரியாதுல்ல. ஆளே தெரியாத ஒண்ணு பண்றது எப்பிடி நியாயமாவும்?

நூறு பேசோவுக்கு ஒண்ணு, ஒண்ணே கால் பேசோதான் எடுக்கறீங்களா? போன மாசம் மாடிப்படில வச்சு நீ இதத்தான் சொன்ன. நான் நம்பினேன். ஒண்ணே காலுதானே, நான் மேசைல அஞ்சு எடுக்கறேனே, நம்ம புள்ள ஆபீஸ் நல்ல ஆபீஸ்தான்னு நெனச்சேன். அப்ப ஏன் நூறும் போச்சு? …திரும்பத் திரும்ப அதே நூற வச்சா திரும்பத் திரும்ப எடுக்குமா. அத மாடிப்படில சொல்லலியே நீ. ஒண்ணே காலோட நிறுத்திட்டு மேல ஏறிப் போயிட்ட.

எனக்கில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு.

நல்லவதான் அவ. பேராசைக்காரி இல்ல. ஒரு காசு அவ கைல இருந்துச்சு, அவ காசு இல்ல, ஆனா அவ பொறுப்புல இருந்த காசு. எட்டாயிரம் பத்தல. எட்டே எட்டாயிரம். மேசைல ஈ ஓட்டிக்கிட்டு இருக்கா, சுத்தி எல்லாரும் போன தேச்சிக்கிட்டு இருக்கானுங்க. எல்லார் காசும் அதுக்குள்ள போகுதே, அதுக்குள்ள போய் கொஞ்சம் திருப்பி எடுத்தா என்னன்னு தோணாதா? உனக்குத் தோணாதா? உனக்குத் தோணாது, நீ சம்பளக்காரி.

என்ன அப்பிடி டப்பாவப் பாக்கற.

ஆட்டாத. வையி. கீழ வையி புள்ள. காத்து மாதிரி இருக்குன்னு எனக்கே தெரியும்.

பதினெட்டாயிரம் இருந்துச்சு. பெட்டிக்கடை… அதான், சவப்பெட்டிக் கடைக்காரன் பாக்கி இருபத்தாறாயிரம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டலன்னா நாளைக்கு வண்டி வராதுன்னுட்டான். பெர்லிட்டா பாவம், செத்தவன் பொண்டாட்டி, அவன்கிட்ட கெஞ்சத்தான் போயிருக்கா, ரெண்டு நாள் தவணை குடுன்னு. எட்டாயிரத்துக்குத்தான் கெஞ்சறா. மிச்சம் டப்பால இருக்குன்னு நெனச்சிக்கிட்டு.

வியாழக்கிழம மத்தியானம், அன்னிக்கு உனக்குப் பகல் வேல. ரெண்டு மணி இருக்கும். நான் ஏதோ ஒரு மேசைல போய் உக்காருவேனா? தேடினேன். போன்ல உன்னத் தேடினேன். பத்துப் பன்னெண்டு பொண்ணுங்க, எல்லாம் ஒரே செவப்புச் சட்டை, ஒரே உதட்டுச் சாயம். உன் பேரு பியாங்கான்னு போட்டிருக்கான். பியாங்கா. நீ எந்த ஊரு பியாங்கா? மணிக்கட்டுல இருக்கற எண்ணெ சுட்ட தழும்ப வச்சுதான் கண்டுபுடிச்சேன், எங்க வீட்டு அடுப்புல சுட்டதுதானே அது. அப்பாடின்னு இருந்துச்சு. நம்ம புள்ள. பூலோ சமைச்ச மீன் கொழம்ப ரெண்டு வருஷமா தின்ன புள்ள. இதுக்கு மேல என்ன வேணும்?

போன்லயே உனக்கு எழுதினேன்ல. 'நான்தான் புள்ள, நெமி. பூலோ அடக்கத்துக்கான காசு இது'ன்னு எழுதினேன். நீ படிச்ச. நீ படிச்சத நான் பாத்தேன், கண்ணு அசைஞ்சுது. படிச்சிட்டு கேமராவப் பாத்துச் சிரிச்சு, 'வாங்க நெமி, நல்ல அதிர்ஷ்டம் உண்டாகட்டும்'னு சொன்ன. அது எல்லாருக்கும் சொல்றதா? எனக்கு எப்பிடித் தெரியும்? நீ தலமுடிய ஒதுக்கினா பிளேயர்னு எடுத்துக்கிட்டேன். சிரிச்சா பேங்கர்னு எடுத்துக்கிட்டேன். நீ சிரிச்சிக்கிட்டே இருந்த புள்ள. நான் வச்சிக்கிட்டே இருந்தேன்.

காதுல சூப்பர்வைசர் பேசிக்கிட்டு இருந்தானா. பதில் பேசினா வேல போயிடுமா. சரி. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொல்ல முடியாதா, ஒரு தலையாட்டல், ஒரு கண்ணு… சரி, சரி, அழாத. சாவு வீட்டுல அழறதுக்கு ஆளு இருக்கு.

மொத ஆட்டத்துல இருந்து எறக்கம்தான். ஒரு தடவகூட ஏறல. ஒரே ஒரு தடவ ஏறியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பேன், பூலோ மேல சத்தியம், அதோ படுத்திருக்கான். சறுக்குமரம் மாதிரி. உன் கையாலயே. வேற ஒருத்தி கையா இருந்தா திருட்டு முண்டைன்னு திட்டிட்டு எடுத்தெறிஞ்சிருப்பேன்.

இப்ப கேளு. நான் எதுக்கு உன்ன உக்கார வச்சேன்னு கேளு. பெர்லிட்டா இப்ப வந்துடுவா. வந்து டப்பாவத் தொறப்பா. நான் சொல்லப்போறேன், காசு போச்சு, ஏமாத்திட்டானுங்கன்னு. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ சொன்னா நம்புவா, நீ அங்க வேல பாக்கறவ. 'ஆமா அக்கா, அந்த ஆட்டம் பித்தலாட்டம், மேசைக்கு அடில பட்டன் இருக்கு'ன்னு ஒரே ஒரு வரி. உங்க ஆபீஸ்காரன் இங்க வந்து கேக்கப்போறானா? இல்ல. பித்தலாட்டம்னா நான் ஏமாந்தவ. எல்லாரும் வந்து என் முதுகத் தடவுவாங்க, ரொமுலோகூட நூறு பேசோ போடுவான். நியாயமா நடந்துதுன்னு நீ சொன்னன்னு வையி… அப்ப நான் யாரு? தம்பி பொணத்து மேல கை வச்சவ.

உன்னால முடியாதா? என்ன முடியாது? பத்தொம்பது நாள் ஒரு முன்பின் தெரியாதவன அப்பான்னு கூப்ட்டு அழுதவ நான். ஒரு வரி சொல்ல உனக்கு முடியாதா?

பட்டன் இல்லன்னு எனக்கும் தெரியும் புள்ள. இருந்திருந்தா நீ எனக்காக அமுக்கியிருக்க மாட்டியா. அதுகூட இல்லயேன்னுதான் வயிறு எரியுது.

அதோ, மொனைல கொடை தெரியுது பாரு. பச்சக் கொடை, அவதான். வரட்டும். நீ எனக்குப் பக்கத்துல நில்லு. பேசக்கூட வேணாம். நான் சொல்றப்ப தலைய மட்டும்… எங்க எந்திரிக்கற? மணி மூணேகாலுதான் ஆவுது. புள்ள. ஏ புள்ள. சாவு வீட்டுல இருந்து போறவங்கள வாசல் வரைக்கும் கொண்டுவிடக் கூடாது, நான் எந்திரிக்க முடியாது, தெரிஞ்சுதான் போறியா? போ. நேரா ஆபீஸ் போகாத, வழில எங்கயாச்சும் நின்னுட்டுப் போ, தீட்டு ஒட்டிக்கும்…

வா பெர்லி. உக்காரு. மொதல்ல தண்ணி குடி.

*

அதற்குப் பிறகு அங்கே பேசியது ஜோவலினுக்குத் தெரியாது. பூலோவின் அடக்கம் ஞாயிற்றுக்கிழமை நடக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது. அதற்குள் ஜோவலின் வேறு வீடு பார்த்துக்கொண்டாள்.

வாடிக்கையாளர் கணக்கைக் காரணமில்லாமல் நான் திறக்கக் கூடாது. திறந்தேன். வியாழக்கிழமை ஆட்டத்தின் ஒளிப்பதிவையும் சீட்டு வரிசையையும் இரண்டு முறை சரிபார்த்தேன். குறை ஒன்றும் இல்லை. நெமி மதியம் இரண்டு பத்துக்குப் பதினெட்டாயிரம் பேசோவுடன் உட்கார்ந்திருக்கிறார். கணக்கு காலியானது இரண்டு ஐம்பத்து நான்குக்கு. இரண்டு முப்பத்தொன்றுக்கு அதில் இருந்தது இருபத்தாறாயிரத்து ஐந்நூறு.