ஒண்ணரை ஆள் உசரம்

அங்க வேண்டாம் மேஸ்திரி, இப்படி உள்ள தள்ளி வந்து நில்லுங்க. இடிஞ்ச இடத்துக்கு நேரா நிக்காதீங்கன்னு வந்ததுலேர்ந்து சொல்றேன், காதுலயே போட்டுக்க மாட்டேங்கறீங்களே. நீங்க டிப்ராவுலேர்ந்து வந்த ஆளு, உங்க மேல இந்த ஊர்ல யாருக்கும் பகை கிடையாது, சரிதான். ஆனா அந்தச் சரிவுக்கு மேல உக்காந்து பாக்கறவனுக்கு உங்க முதுகும் என் மகன் முதுகும் ஒண்ணாத்தானே தெரியும்? குண்டு என்ன பேரு கேட்டுட்டா வரும்?

உசரமா? அதான் சொன்னேனே, ஒண்ணரை ஆள் உசரம். முன்ன இருந்தது ஆள் உசரம்தான், அது பத்தல. கல்லு பத்தலன்னா ஆட்டுக் கொட்டாயப் பிரிச்சுக்கோங்க, ஆடு ரெண்டும் வீட்டுக்குள்ள எங்களோட கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சாகணும் மேஸ்திரி. அன்னிக்கு சர்ச்சு விட்டதும் மொத்த ஊரும் இந்த ரோட்டு வழியாத்தான் இறங்கும். ஒவ்வொருத்தியும் கழுத்தைத் திருப்பிக்கிட்டே போவா.

சிரிக்காதீங்க. உங்க பக்கம் ஆடு மாடு புகுந்துறக் கூடாதுன்னு சுவரு வைப்பீங்க. நம்ம அல்பேனியாவுலயே கீழ்ச்சீமைக்காரங்க எங்களப் பாத்துச் சிரிக்கத்தான் செய்வாங்க. ஆனா இந்த மலையில, ஒரு உசுர எடுத்தவன் தன் வீட்டுச் சுவருக்குள்ள இருக்கற வரைக்கும் எவனும் தொட மாட்டான். தொட்டா தொட்டவனுக்குத்தான் அசிங்கம். வாசலைத் தாண்டி ஒரு கால் வச்சான்னு வைங்க, சுட்டவன ஏன்னு கேக்க நாதி இல்ல. போலீசு வரும், எழுதிக்கும், போயிரும். எங்களுக்குக் கோர்ட்டு, கச்சேரி எல்லாம் இந்தச் சுவருதான். அது விடாம பேஞ்ச மழையில ஊறிப்போய், செவ்வாக்கிழமை விடியக்காலம் மொத்தமா ரோட்டுல சரிஞ்சிருச்சு. ஓடி வந்து பாக்கறேன், எதிர்ச் சரிவுல அவங்க வீட்டு மாடி ஜன்னல் நேரா என் வீட்டு முத்தத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது. உடனே கம்பளம், போர்வை, என் கல்யாணத்துக்கு அம்மா குடுத்த விரிப்பு, எல்லாத்தையும் கொண்டாந்து கயித்துல தொங்க விட்டேன். காத்து அடிச்சா பறக்குது.

சுவரு நிக்கற வரைக்கும் முத்தம் வீட்டோட சேத்தி. சுவரு விழுந்த முத்தம் வீடா, ரோடா? நீங்களே சொல்லுங்க. அவங்க ரோடுன்னு சொல்லிட்டா நான் யார்கிட்டப் போயி நியாயம் கேக்கறது?

அவங்கன்னா தோதா வீட்டு ஆளுங்க. தோதாவத்தான் என் பெரியவன் லூலாஷ் சுட்டான். எதுக்குங்கறீங்க? ஒரு எல்லைக்கல்லுக்கு. கீழ வயல்ல ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கல்லு. அத அவன் ஒரு சாண் நகத்திட்டான்னு இவன், நீதான்டா முதல்ல நகத்துனன்னு அவன். ஒரு சாண் மண்ணு! அதுல நாலு உருளைக்கிழங்கு விளையுமா? வீட்டுக்கு ஓடி வந்து துப்பாக்கிய எடுத்தான். கதவ மறிச்சு நின்னேன், என்னைத் தள்ளிட்டுப் போனான். திரும்பி உள்ள வந்தவன்தான், ஏழு வருஷமாச்சு. வாசலத் தாண்டல. இந்தச் சுவரு ஓரமாவே நடப்பான், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். புல்லு முளைக்காம தடம் விழுந்திருக்கு பாருங்க.

இத்தாலிக்கு ஓடிப் போயிருக்கலாமேங்கறீங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. இத்தாலிக்குப் போறதுக்கும் வாசலத் தாண்டணுமே மேஸ்திரி.

இருங்க. பைக் சத்தம். பேசாதீங்க.

போயிருச்சு. ரொட்டிக்காரனாத்தான் இருக்கும். ஒவ்வொரு வாட்டியும் அவங்கதானோன்னு பயம். நீங்க சாராயம் குடிங்க, பாலாடைக்கட்டி எடுத்துக்கோங்க. நீங்களே ஊத்திக்கோங்க.

இல்ல, சின்னவனுக்கு அந்தப் பயம் இல்ல. கோலா, உங்களக் கூட்டிட்டு வந்தானே, அவன்தான். ஷ்கோதர் டவுனுக்கும் இங்கயும் வேன் ஓட்டறான். பெரியவங்க உக்காந்து பேசினப்ப அந்த ஒரு புண்ணியத்தப் பண்ணாங்க. சுட்டவன் கடன் சுட்டவன் தலையோட இருக்கட்டும், தம்பி வெளிய நடமாடட்டும்னாங்க. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. லூலாஷ் உள்ள இருக்கான், அதனால கோலா வெளிய இருக்கான், அவ்வளவுதான் பேச்சு. போன செப்டம்பர்ல கோலாவுக்குக் கல்யாணம். பொண்ணு அழைப்பு இந்த ரோட்டுலதான் வந்துச்சு, மேளமும் பாட்டுமா. அண்ணன்காரன் சுவத்து இடுக்குல கண்ண வச்சுப் பாத்தான். அப்புறம் என்கிட்ட வந்து, பொண்ணு மூக்கு கொஞ்சம் பெருசும்மான்னு சொல்லிச் சிரிச்சான். இப்ப அவ முழுகாம இருக்கா.

நேத்து மிரிகா வந்துட்டா மேஸ்திரி. செத்துப்போன தோதாவப் பெத்தவ. பொம்பளைங்க போகலாம் வரலாம், அதுக்குத் தடை இல்ல. குமரிங்களா இருந்தப்ப நானும் அவளும் ஒரே ஊத்துல கம்பளி அலசுனவங்க. ரோட்டுல நின்னுக்கிட்டு, சுவரு விழுந்துருச்சாமே திராணேன்னு என்னைப் பேர் சொல்லிக் கேட்டா. ஆமான்னேன். யாருக்கும் அடி கிடி படலையேன்னா. இல்லன்னேன். அக்கறையில கேட்டாளா, நோட்டம் பாக்கக் கேட்டாளா? பாம்புன்னு தாண்டவும் முடியல, பழுதுன்னு மிதிக்கவும் முடியல. அப்புறம் அவ கண்ணு கம்பளத்துக்கு நடுவுல போச்சு. ஜன்னல்ல நின்னு பாக்கறேன், உன் மகன முத்தத்துலயே காணோமேன்னா. காய்ச்சல், படுத்திருக்கான்னேன். தலைய ஆட்டிட்டுப் போனா. அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கல.

என்னது, அவன வரச் சொல்லவா? கல்லெடுத்துக் குடுக்கவா? வேண்டாம் வேண்டாம். அதான் படுத்திருக்கான்னு சொன்னேனே. நான் எடுத்துத் தரேன். ஆத்துலேர்ந்து இந்தக் கல்லயெல்லாம் முதுகுல சுமந்துட்டு வந்தவளே நான்தான்.

ஐயோ, அங்க கடப்பாரையப் போடாதீங்க! கைய எடுங்க மேஸ்திரி! அந்தப் பிளம் மரத்துப் பக்கம் வேண்டாம். வேரு... வேரு அறுந்துட்டா மரம் பட்டுப்போயிரும். தெரியுது, பழைய அஸ்திவாரம் அப்படித்தான் போகுது. மண்ணு கரைஞ்சு போச்சு, இடுப்பளவு தோண்டாட்டா கல்லு நிக்காது. நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லலையே. அந்த இடத்துல மட்டும் சுவரு ரோட்டுப் பக்கமா கொஞ்சம் வளைஞ்சு போகட்டும். கேக்கறவனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். கோணலா இருந்தா இருந்துட்டுப் போகுது, அழகு பாக்கவா கட்டறோம்?

சேவலா? இருக்கு, கூடையப் போட்டு மூடி வச்சிருக்கேன். எந்த மேஸ்திரியும் அஸ்திவாரத்துல சேவல் ரத்தம் விடாம முதல் கல்லு வைக்க மாட்டான், எனக்குத் தெரியாதா? ஆனா இந்த வாட்டி வேண்டாமே. அந்த மண்ணுக்கு இன்னும் எதுவும் குடுக்க வேண்டாம்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி. கடப்பாரையக் கீழ வைங்க. உங்கம்மா உசுரோட இருக்காங்களா? இருக்காங்கல்ல, நல்லா இருக்கட்டும். அவங்க பேர்ல எனக்கு ஒரு வாக்குக் குடுங்க. இங்க கேட்டத டிப்ராவுக்குப் போனாலும் பொண்டாட்டிகிட்டக்கூட சொல்ல மாட்டேன்னு. கைய நெஞ்சுல வச்சு. ம். தம்பின்னு கூப்பிடறேன், தப்பா நினைக்காத.

லூலாஷ் அங்கதான் இருக்கான் தம்பி. மரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல. ஒரு முழம் ரோட்டுப் பக்கமா தள்ளித் தோண்டு, போதும்.

யாரும் சுடல. கோலா கல்யாணம் முடிஞ்சு வந்த குளிர்காலத்துல, பனி கொட்டிக்கிட்டு இருந்தப்ப வயித்துவலி வந்துச்சு, வலது பக்கம். கோலா வேன வாசலோட ஒட்டி நிறுத்துனான். போர்வையப் போத்தித் தூக்கிட்டுப் போயிரலாம், வாண்ணேன்னு கெஞ்சுனான். இவன் மாட்டேன்னுட்டான். என்னை ஏத்துன வேன் நகந்தாலே சுடுவாங்க, என்னோட சேந்து நீயும் போவடான்னான். பல்லக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தான். நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தான், திடீர்னு கண்ணு சொருகிருச்சு. பெத்த பிள்ளைக்கு ஒப்பாரி வைக்க முடியல தம்பி. சத்தம் சுவரைத் தாண்டிருமே. தலகாணிய வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன். சாமியாரு இல்ல, மணி இல்ல. நானும் கோலாவும் பனிய வழிச்சுப் போட்டுட்டுத் தோண்டுனோம்.

ஏன் சொல்லலையா? படுக்கையில செத்தா பழி தீராதுன்னு அவங்க, பெரியவங்க உக்காந்து பேசுன அன்னிக்கே சொல்லிட்டாங்க. அடுத்தது கோலாதான். இவன் இல்லன்னு தெரிஞ்சா மறுநாளே வேன மறிப்பாங்க. அதனாலதான் சாயங்காலம் ஆனா அவன் கோட்ட மாட்டிக்கிட்டு நானே விறகு பொளக்கறேன். கோடாலிச் சத்தம் கேட்டா ஆளு இருக்கான்னு நினைச்சுக்குவாங்க. சுவரு இருந்த வரைக்கும் அது போதுமா இருந்துச்சு. அவங்க அவனப் பாத்துருவாங்கன்னா நான் பயப்படறேன்? எத்தன நாள் பாத்தாலும் அவன் தெரிய மாட்டானே தம்பி. அதுதான் பயம். மூத்தவன விட்டுட்டேன், இவனையும் விட என்னால ஆகாது.

இரு. திரும்பாத. ரோட்டுல மிரிகா நிக்கறா. கூட ரெண்டு ஆம்பளைங்க. விரிப்ப விலக்கிப் பாக்கறாங்க. நீ பாட்டுக்கு வேலையப் பாரு, குனிஞ்சுக்க.

டேய் லூலாஷ்! ரோட்டுல ஆளு நிக்குது, வெளிய தலையக் காட்டாத! காய்ச்சலோட எந்திரிச்சு வராதடா, பால் நான் கொண்டாரேன்!

தம்பி, நீயும் அவன்கிட்ட ஏதாவது பேசு. உன் கால்ல விழறேன். வீட்டப் பாத்து, பேரச் சொல்லி, சத்தமா பேசு.