படுத்தவரையும் பரிசோதித்தவரையும் பிரித்தறிந்த அம்மைக்கு

வழிதவறிய அடைமொழிகளை வீடு சேர்க்கும் வித்தகியே, அறுவை மருத்துவர்களும் அஞ்சும் அமைதியே, இன்று பணி ஓய்வுபெறும் திருமதி மாவிஸ் ஓல்ட்ராய்ட் அம்மையீர், வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகளாக, பெருமருத்துவர் பெரெக்ரின் ஃபான்ஷா ஒலிநாடாவில் முழங்கிய ஆங்கிலத்தைக் கடிதமாக்கினீர்கள். "கட்டிலில் படுத்தபடி நோயாளியை நான் பரிசோதித்தேன்" என்பார் அவர். நீங்கள் மருத்துவரை எழுப்பி நிற்கவைப்பீர்கள். "சீழ் வடிக்கப்பட்டு, கட்டுப்போடப்பட்டு, நான் அவரை வீட்டுக்கு அனுப்பினேன்" என்பார்; கட்டை அவிழ்த்து உரியவருக்குக் கட்டுவீர்கள். தெளிவான கடிதங்களுக்கான பதக்கம் அவர் அறைச் சுவரில், அவர் பெயரில், தொங்குகிறது. எங்கள் விடுப்பு விண்ணப்பங்களையும் நீங்கள் விட்டுவைத்ததில்லை. அதை இன்று மன்னித்தோம்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்காட்லாந்துக்குக் காட்டுக்கோழி சுடப் புறப்படும் அவசரத்தில் பெருமருத்துவர் ஒரு கடிதம் சொன்னார். திங்களன்று பேருந்து ஓட்டுநர் வில்ஃப்ரெட் சக்டனின் பித்தப்பையை எடுக்கப்போகிறவர் வேறொருவர். அவர் நம்பியிருந்தது அந்தக் கடிதத்தைத்தான். அதில், "பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவராய், அக்கா நோயாளியை அழைத்துவந்தார்" என்றிருந்தது. படிக்கிறவர் ஒவ்வாமையை அக்கா தலையில் ஏற்றிவிட்டு, தம்பி கையில் ஊசியை ஏற்றியிருப்பார்.

மின்தூக்கி வரை ஓடிப் போய் மறித்தீர்கள்.

"பென்சிலின் யாருக்கு ஒத்துக்காது சார்? அக்காவுக்கா, தம்பிக்கா?"

"நான் சொன்னதை அப்படியே அடிங்கம்மா. இலக்கணமெல்லாம் பள்ளிக்கூடத்தோட சரி."

"இலக்கணம் கிடக்கட்டும் சார். ஊசி போடலாமா, கூடாதா?"

பெருமருத்துவர் யோசித்தார். நினைவில்லை. கதவு மூடிக்கொண்டது.

சக்டன் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தீர்கள். "எனக்குத்தாம்மா," என்றார் அவர். "ஒரு தடவை போட்டு மூச்சே நின்னுபோச்சு. எங்கக்காவுக்கு ஒத்துக்காதது உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

சொற்களை இடம் மாற்றினீர்கள். ஒவ்வாமையைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, அறுவை அரங்குக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். திங்களன்று மருந்தை மாற்றிப் போட்டார்கள். வியாழனன்று சக்டன் மருத்துவமனைப் பட்டாணிக் கூழைக் குறை சொன்னார். பிழைத்துவிட்டார் என்று தெரிந்துகொண்டோம்.

இதோ, மூன்றாம் வரிசையில் அக்காவும் தம்பியும் கேக்கின் பெரிய துண்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த மடலைப் படிக்கவிடாத அந்தச் சத்தம், அம்மையீர், நீங்கள் தந்தது. அது காதில் விழும் தூரத்திலேயே, நோய்நொடியின்றி நூறாண்டு நீங்கள் வாழ வேண்டும்.

இனிப் பிழையோடு பிழைக்கப்போகும்,
நான்காம் மாடித் தட்டச்சு அறையினர்