சுடிதார் போட்ட சண்டைக்காரி

பாபநாசம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். "என் மூஞ்சிக்கு ஏன்ட்டி தடை?" என்று ஒருத்தி கேட்டதும் காதைக் கொடுத்தேன்.

செல்போன் சண்டை விளையாட்டில் தன் சாயலில் ஒருத்தியைச் செய்திருக்கிறாள். நாளைய போட்டியில் அவளைத்தான் இறக்குவாளாம். போட்டி நடத்துகிறவள் பக்கத்தில் இருந்த தோழி.

"அதுல உள்ளவளுக எல்லாம் அரைகுறைத் துணி. சுடிதார் போட்டவ இவ ஒருத்திதான்."

"சுடிதார் இருக்கட்டும். கை ஏன்ட்டி முட்டிக்குக் கீழ தொங்குது? எட்ட நின்னே அடிச்சிருவியே. கபடிக்கே எடை பாத்துதான் எறக்குதாங்க."

"கையக் குறைச்சா சேத்துக்கிடுவியா?"

"சேத்துக்கிடுதேன். ஆனா நீ தோத்துருவ."

பஸ் கல்லிடைக்குறிச்சியைத் தாண்டியது. முதலில் கேட்டவள் போனை எடுத்து, படத்துப் பெண்ணின் கையைப் பையக் குறைத்தாள்.

"தோத்தாலும் நான்தானட்டி தோப்பேன்."