மும்புவாவுக்கு ஒரு ஆள்

– அங்க வேண்டாண்ணே. ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்தா உங்க கை எனக்கு வெறும் நிழலாத்தான் தெரியும். இந்தப் பக்கம் வாங்க. முதுகு கதவுப் பக்கம் இருந்தாப் பரவால்ல.

– வந்தாச்சு. இப்பத் தெரியுதா?

– நல்லாத் தெரியுது. காது கேக்காதவளோட ஆபீசுக்கு வந்து வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு உக்காரலாமா? அதுவும் நீங்க. நாலு வருஷம் வகுப்புல நின்னு, வாத்தியார் சொன்னதெல்லாம் காதுல வாங்கி கையால எனக்குச் சொன்ன பராசாவா இது?

– அட விடு வக்கீலம்மா. புங்கோமாவுலேர்ந்து மட்டாட்டு வண்டியில மாவு மூட்டைக்கு நடுவுல நசுங்கி வந்திருக்கேன். முழங்கால் ரெண்டும் இருக்கான்னு பாத்துட்டிருக்கேன், இதுல ஜன்னல எங்க பாக்கறது.

– வக்கீலம்மான்னு கூப்பிடாதீங்க. கோர்ட்டுக்குப் போறத விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப இந்த யுனிவர்சிட்டியில மாற்றுத்திறனாளிப் பசங்களுக்காக ஒவ்வொரு கதவா தட்டற ஆபீசர்.

– எனக்கு நீ எப்பவும் வக்கீலம்மாதான். இந்த ரூமப் பாத்தா ஆச்சரியமா இருக்கு. நம்ம காலத்துல இங்க உடைஞ்ச நாற்காலியத்தான போட்டு வெச்சிருந்தாங்க? இப்ப பாரு, வாசல்ல சாய்வுப் பாதை, உள்ள பிரெய்ல் மிஷின், சுவத்துல உன் பேரு. செலகட்னு பித்தளையில.

– சாய்வுப் பாதை போன வருஷம் வந்துச்சு. அதுக்கு நான் போட்ட சண்டைய ஒரு நாள் சாவகாசமாச் சொல்றேன். இப்ப நேரா விஷயத்துக்கு வரேன். நான் அனுப்பின செய்தியப் பாத்தீங்கல்ல?

– அப்புறமாத்தான் பாத்தேன். மறுபடி சொல்லு.

– மும்புவான்னு ஒரு பொண்ணு, மச்சாகோஸ் பக்கம். பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது. சட்டம் படிக்க எடம் கெடச்சிருக்கு. எனக்கப்புறம் இங்க சட்டத்துக்கு வர்ற காது கேக்காத முதல் பொண்ணு. திங்கக்கெழம வகுப்பு ஆரம்பம், சைகையில சொல்ல ஆள் இல்ல. ஆள் இல்லாம வகுப்புல உக்காந்து என்ன பண்ணுவா, வீட்டுக்குப் போகட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம்ங்கறாரு டீன்.

– அடுத்த வருஷம்னா?

– அடுத்த வருஷம்னா எப்பவுமே இல்லன்னு அர்த்தம். அவங்கப்பா இப்பவே தையல் கடையில சொல்லி வெச்சிருக்காரு. வீட்டு வாசப்படி ஏறிட்டா திரும்ப அனுப்பமாட்டாரு. அந்தப் பொண்ணு என் முன்னாடி, நீங்க உக்காந்திருக்கற அதே நாற்காலியில உக்காந்துதாண்ணே சொன்னா.

– பொண்ணு எப்படி?

– என்ன மாதிரியேதான். கை ஓயாது.

– அப்ப வாத்தியாருங்க பாவம்.

– சிரிக்காதீங்க. நகுருவுல ரெண்டு பசங்க இருக்காங்க, நல்லா சைகை சொல்றவங்க. உத்தரவு வந்தா நாளைக்கே கெளம்பி வருவாங்க. ஆனா புது ஆள் போட டீன் ஒத்துக்கணும், கேட்டிருக்கேன், பதில் வரல. வந்தாலும் முடியாதுன்னுதான் வரும். நீங்கன்னா அந்தத் தொல்லையே இல்ல. பழைய ஆள், பேரு இன்னும் பதிவுல இருக்கு, உங்களக் கூப்பிட யார் உத்தரவும் வேண்டாம். மும்புவாகிட்ட உங்களப் பத்திச் சொன்னேன். காத இழுத்துக் காட்டி, இதுதான் அவர் பேருன்னேன். உடனே அவளும் காத இழுத்துக்கிட்டு எப்ப வருவார்னு கேட்டா.

– அந்தப் பேரு இன்னும் இருக்கா?

– எங்க ஆளுங்க ஒரு தடவை பேரு வெச்சா வெச்சதுதான். நைரோபி பசங்க கூட உங்கள அப்படித்தான் சொல்றாங்க.

– ம். ஓகுட்டு வாத்தியார் இருக்காரா?

– ரிட்டயர் ஆகி ஊருக்குப் போயிட்டார். பேச்ச மாத்தாதீங்க.

– மாத்தல, ஞாபகம் வந்துச்சு. மனுஷன் ஒரு நாளாவது நம்ம பக்கம் திரும்பிப் பாடம் நடத்தியிருக்காரா? கரும்பலகையோடதான் குடும்பம் நடத்துவார். ஒப்பந்தச் சட்டத்துக்கு நடுவுல திடீர்னு லுவோ பாஷையில ஒரு ஜோக்கு. கிசுமு பசங்கெல்லாம் பெஞ்சத் தட்டிச் சிரிப்பாங்க. எனக்கு லுவோல தண்ணி குடுன்னு கூட கேக்கத் தெரியாது. நான் என்ன பண்ணுவேன்?

– ‘ஜோக்கு சொல்லிட்டார், இப்ப சிரி’ம்பீங்க.

– நீயும் சிரிப்பே.

– எல்லாரும் சிரிச்சு முடிச்சதுக்கப்புறம் தனியா. பக்கத்துல இருந்த அடியாம்போ உனக்கு என்ன புரிஞ்சுதுன்னு நோட்டுல எழுதிக் கேட்டா. பராசாவுக்கே புரியலன்னு எழுதிக் குடுத்தேன். அவ அதுக்குச் சிரிச்சா பாருங்க, ஓகுட்டு அன்னிக்குத்தான் முதல் தடவையா திரும்பிப் பாத்தார்.

– கரண்டு போற நாள்?

– ஐயோ, அது. எல்லாரும் இருட்டுல சுகமாக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க, எனக்கு மட்டும் பாடம் நின்னுடும். அந்த ஓட்டப்பந்தயக்காரப் பையன் கொரிர்தான் டார்ச்சத் தூக்கி உங்க கைமேல அடிச்சுக்கிட்டு நிப்பான். கை வலிச்சா மாத்திப் பிடிப்பானே தவிர கீழ விடமாட்டான்.

– அவனுக்கு உம்மேல ஒரு கண்ணு.

– தெரியும். சைகை ஒண்ணு ரெண்டு கத்துக்கிட்டு வந்து, காதல்னு நெனச்சு உருளைக்கெழங்குன்னு காட்டினான். எதுக்குண்ணே இதெல்லாம் ஞாபகப்படுத்தறீங்க? அந்த நாலு வருஷம் மாதிரி அப்புறம் எதுவும் இல்ல.

– எனக்கும்தான். ஜாமீனுக்கு நாம ஒரு சைகை கண்டுபிடிச்சோமே, தொழுவத்துலேர்ந்து ஆட்டக் கயிறு போட்டு இழுக்கற மாதிரி. கண்டுபிடிச்சது நீயா நானா?

– நான்தான். சாப்பாட்டுக் கூடத்துல, ஒரு கையில உகாலி உருண்டைய வெச்சுக்கிட்டு. உங்களுக்கு ஜாமீன்னா என்னன்னே அப்பத் தெரியாது.

– அப்பத் தெரியாது. ரெண்டாவது வருஷம் வந்தப்ப உனக்கே நான் பாடம் சொன்னேன்.

– அதையும் ஒத்துக்கறேன். அதனாலதான மாதிரி கோர்ட்டுப் போட்டியில அந்தக் கூத்து நடந்துச்சு.

– ஆரம்பிச்சுட்டியா.

– பின்ன? நான் சைகையில வாதாடறேன், நீங்க அத வாயால நடுவர்களுக்குச் சொல்லணும், அவ்வளவுதான் உங்க வேலை. நடுவரம்மா திடீர்னு என்னப் பாத்து, நீ சொன்ன அந்த வழக்கு அருமையான உதாரணம், இன்னும் விளக்குன்னு கேட்டாங்க. எந்த வழக்கு? நான் எந்த வழக்கையும் சொல்லவே இல்ல. திரும்பிப் பாத்தா நீங்க கூரையப் பாத்துட்டு நிக்கறீங்க.

– நீ ஒரு நல்ல பாயிண்ட விட்டுட்டே. என்னால தாங்க முடியல, வாயில தானா வந்துடுச்சு.

– அன்னிக்குக் கப்பு வாங்கிட்டு வெளிய வந்து உங்கள என்ன திட்டினேன்?

– வாதாடறது நீங்களா நானான்னு கேட்டே. உங்களுக்கு அவ்வளவு ஆசையா இருந்தா நீங்களே போய்ப் படிங்கன்னே. ஒரு வாரம் பேசல.

– வாரமெல்லாம் இல்ல. டீக்கடையில சூடா மாண்டாசி வாங்கிக் குடுத்தீங்க, பேசிட்டேன். சரி, சொல்லுங்க. வர்றீங்களா, இல்லையா?

– வக்கீலம்மா, கேளு...

– சுத்தி வளைக்காதீங்க. சம்பளம் பத்தலயா?

– அதில்ல.

– வீட்டுல வேண்டாங்கறாங்களா?

– அதுவும் இல்ல.

– அப்புறம் என்ன? அந்தப் பொண்ணு ஹாஸ்டல்ல பெட்டியப் பிரிக்காம உக்காந்திருக்காண்ணே. பிரிக்கட்டுமா வேண்டாமான்னு எங்கிட்ட கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?

– மேடம், மன்னிச்சுக்கோங்க, டீன் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. ஒரே ஒரு மாணவிக்காகப் புது ஆள் போட முடியாதாம். ஒரே வகுப்புல காது கேக்காதவங்க ரெண்டு பேராவது இருந்தாத்தான் விதியில எடம் இருக்காம். சாயங்காலத்துக்குள்ள பதில் அனுப்பணுமாம், இல்லன்னா அந்தப் பொண்ண வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்களாம். சார், நல்லவேளை நீங்க இருக்கீங்க. எப்பவும் நான் எழுதித்தான் காட்டணும். கொஞ்சம் மேடத்துக்குச் சொல்லிடுங்க.

– சொல்லுங்கண்ணே.

– என்ன சொல்ல?

– அவ சொன்னத.

– எவ?

– உங்க பின்னாடி கதவுல நிக்கறாளே, என் செக்ரட்டரி கெருபோ. இவ்வளவு நேரம் பேசினாளே.

– ஓ. இரு, கேக்கறேன். கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா.

– டீன் ஆபீஸ்லேர்ந்து போன் சார். ஒரே ஆளுக்காகப் போட முடியாதாம், ரெண்டு பேராவது இருக்கணுமாம். சார்? நான் சொல்றது... சார்?

– அண்ணே. ஏன் கை அப்படியே நிக்குது? என்னப் பாருங்க.

– பாத்துட்டுதான் இருக்கேன்.

– அவ குரல் உங்களுக்குக் கேக்கலையா?

– கேக்கல.

– கொஞ்சம் கூடவா?

– எடது காது போய் ரொம்ப நாளாச்சு. வலதுல ஏதோ ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுவும் இப்ப இல்ல. டாக்டர் வாயசைக்கறார், நானும் தலைய ஆட்டிட்டு வரேன்.

– கடவுளே. கோர்ட்டுல சைகை சொல்ற வேலை?

– விட்டுட்டேன். ஒரு பொண்ணு, நம்ம ஆளு, சாட்சிக் கூண்டுல நிக்குது. ஜட்ஜு என்னமோ கேட்டார். என்ன கேட்டிருப்பார்னு யூகிச்சு அவளுக்குச் சொல்லக் கையத் தூக்கிட்டேன். தப்பாச் சொன்னா அந்தப் பொண்ணோட வாழ்க்கையே போயிடும். கைய எறக்கிட்டு, ஐயா, எனக்குக் கேக்கல, வேற ஆளக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

– எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

– எப்படிச் சொல்றது? உங்க எல்லாருக்கும் நான் காது. அதப் போய் உங்கிட்ட எப்படிச் சொல்ல? வெக்கமா இருந்துச்சு. நெஜமாச் சொல்றேன், பயமாவும் இருந்துச்சு.

– எதுக்குப் பயம்? சத்தம் இல்லாத இந்த உலகத்துல பொறந்து வளந்தவ நான் இல்லையா? உங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே காது கேக்காதவங்க, சைகையிலேயே தாலாட்டுக் கேட்ட ஆளு நீங்க. உங்களுக்கு இது வேத்து ஊரா?

– அதத்தான் அம்மாவும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்துட்டேன்னு நெனச்சுக்கோன்னாங்க. அழாத. நீ அழுதா எனக்கும் வரும், அப்புறம் கண்ணத் தொடைக்கக் கை போயிடும், யாரு பேசறது?

– மேடம், தப்பா எதுவும் சொல்லிட்டேனா? ஏன் ரெண்டு பேரும்... சரி, சரி, எழுதச் சொல்றீங்களா? இதோ எழுதிட்டேன் மேடம்.

– குடு. நீ போ, நான் பாத்துக்கறேன். அண்ணே, நெனச்ச மாதிரியேதான். ஒரே ஆளுக்காக யாரையும் போட முடியாதாம், ஒரே வகுப்புல நம்ம ஆளுங்க ரெண்டு பேராவது இருக்கணுமாம். சாயங்காலத்துக்குள்ள பதில் வேணுமாம்.

– எப்ப வந்துச்சு இந்த விதி? உனக்கு என்னப் போட்டப்ப நீயும் ஒரே ஆளுதான?

– அப்ப விதியே இல்ல, அதனால போட்டாங்க. விதியெல்லாம் நம்ம நல்லதுக்குன்னு சொல்லி அப்புறம் வந்துச்சு. நான்தான் கமிட்டியில உக்காந்து கையெழுத்துப் போட்டேன், இந்த வரிய ஒழுங்காப் படிக்காம.

– வக்கீலம்மாவா இப்படி?

– கேலி பண்ணாதீங்க, எனக்கு எரியுது. இனி யாரப் பிடிக்க? நீங்க வருவீங்கன்னு நம்பித்தான் அந்தப் பொண்ண இருக்கச் சொன்னேன். இப்ப நானே ஹாஸ்டலுக்குப் போய், பெட்டியத் தூக்குன்னு சொல்லணும். ரெண்டாவது ஆளுக்கு எங்க போவேன்? சாயங்காலத்துக்குள்ள யார் காதையாவது பிடுங்கவா முடியும்?

– எங்க நிப்பாங்க அந்த நகுரு பசங்க? வாத்தியார் பக்கத்துலயா?

– அதக் கேட்டு இப்ப என்ன ஆகப் போகுது? உங்கமேலயும் கோவம் வருதுண்ணே, மறைக்கல. வர முடியாதுன்னு செய்தியிலயே சொல்லியிருக்கலாம். இவ்வளவு தூரம் நசுங்கிக்கிட்டு, பழைய கதையெல்லாம் பேசி ஆசை காட்டிட்டு... எதுக்கு வந்தீங்க?

– உன் செய்தி வர்றதுக்கு முன்னாடியே மட்டாட்டு ஏறிட்டேன். நாலு வருஷம் உனக்காகவே கேட்டேன், எனக்காக ஒரு நாள் கூட கேக்கல. வயசானவங்க படிக்க வர்றதுக்குன்னு ஒரு வாசல் வெச்சிருக்காங்களே, அதுல எழுதிப் போட்டேன், எடம் குடுத்துட்டாங்க. இங்கயே, சட்டம், முதல் வருஷம். உன் ஆபீசுல பதியத்தான் வந்தேன், நீ வேலை தரேன்னு ஆரம்பிச்சதும் அதச் சொல்லக் கை வரல. டீன்கிட்ட ரெண்டு பேருன்னு சொல்லு செலகட், அந்தப் பொண்ணப் பெட்டியப் பிரிக்கச் சொல்லு.