வளைவுக்கு முன்னால் கொஞ்சம் தழை

எங்கள் ஆடுகளுக்கு நாக்கு நீளம். வேலந்தழையைப் போட்டால் வேப்பந்தழை எங்கே என்று பார்க்கும். வேப்பந்தழையைப் போட்டால் ஆலந்தழை வரும்வரை காத்திருக்கும். அவற்றுக்கெல்லாம் தலைவி ஒரு கறுப்பு வெள்ளாடு. கூப்பிட்டால் வரமாட்டாள், அவள் வந்தால் மற்றவை எழுந்து நிற்கும் என்பதால் என் கணவர் கோவிந்தன் அவளுக்குக் கலெக்டரம்மா என்று பெயர் வைத்திருந்தார்.

போன வருடம் மாட்டுப் பொங்கல் அன்று காலையில் நாங்கள் இருவரும் மொபெட்டில் போய்த் தழை ஒடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். பெரிய கட்டு. அதை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, அதற்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் நான் அவரிடம் பேச வேண்டியிருந்தது.

“கலெக்டரம்மாவுக்கு இன்னிக்கு கொடுக்காப்புளித் தழைதான் வேணுமாம்” என்றார்.

“உங்ககிட்ட சொன்னாங்களாக்கும்?”

“மனு குடுத்திருக்காங்க. நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்.”

நான் சிரித்து முடிப்பதற்குள் மேட்டின் மேலிருக்கும் வளைவு வந்துவிட்டது. சாலையின் இடப்பக்கம் வாடிய தழையும் அதன் அடியில் கற்களும் கிடந்தன. அங்கே லாரி எதுவும் நிற்கவில்லை. அவர் கல்லுக்கு விலகி வண்டியை வலப்பக்கம் ஒடித்தார். வலப்பக்கம் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நான் இடப்பக்கம் விழுந்தேன், மடியிலிருந்த தழைக்கட்டின் மேல். மெத்தையில் விழுந்த மாதிரி இருந்தது. அவர் வலப்பக்கம் விழுந்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மா, லாரி டிரைவர் குப்புராஜ் எப்படி இறந்தான் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். இவள் ஏன் தன் வீட்டுக்காரர் கதையிலிருந்து தொடங்குகிறாள் என்று நினைக்காதீர்கள். நான் தழையிலிருந்துதான் தொடங்குகிறேன்.

நீங்கள் சென்னைக்காரர். ஜீப்பில் போகிறவர். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். எங்கள் வீடு அதியமான்கோட்டைப் பக்கம், சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. சேலத்திலிருந்து வரும் வண்டிகள் அங்கே ஒரு மேடு ஏற வேண்டும். இடது தடம் மெதுவாகப் போகிறவர்களுக்கு, வலது தடம் முந்துகிறவர்களுக்கு என்று பலகையில் எழுதியிருக்கிறது. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாரம் ஏற்றிய லாரிகள் எல்லாம் நடுத்திட்டை உரசிக்கொண்டு வலது தடத்திலேதான் வரும். அப்படி வராமல் தப்பித் தவறி ஒன்று இடது தடத்தில் ஊர்ந்தால், அதை முந்துவதற்கு இன்னொன்று பக்கத்தில் வந்துவிடும். இரண்டும் ஒரே வேகம். கல்யாணத்துக்குப் போகும் அக்கா தங்கை மாதிரி பேசிக்கொண்டே மேடு முழுக்க ஏறும். பின்னால் கார்கள் ஹாரனில் மேளம் வாசிக்கும். நடுத்திட்டு முழுக்க அரளி. வருடம் முழுவதும் பூத்திருக்கும். ஆடு மாடு வாய் வைக்காது என்றுதான் அதை நட்டிருக்கிறார்கள். எங்கள் ஆடுகளும் அந்த மட்டில் புத்தி உள்ளவை.

லாரி வழியில் நின்றுவிட்டால் டிரைவர் முதலில் செய்வது, பக்கத்தில் கிடைக்கும் பச்சைத் தழையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் தள்ளிப் போடுவது. தழை கிடந்தால் முன்னே வண்டி நிற்கிறது, தடம் மாறு என்று அர்த்தம். லைசென்ஸ் இல்லாதவனுக்கும் இது தெரியும். வண்டி சரியானதும் தழையை எடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

கோவிந்தன் போனபிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அரிவாளும் கயிறுமாகக் கிளம்பி, வண்டி போன இடத்தில் கிடக்கும் தழையையும் கல்லையும் அகற்றுவேன். கல்லை ஓரத்தில் உருட்டிவிடுவேன், தழை ஆடுகளுக்கு. ரோந்து வண்டிக்காரர்கள் எனக்கு ஒளிரும் பச்சைச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாள் கலெக்டரம்மா என்னை அடையாளம் தெரியாமல் முட்ட வந்தாள்.

கையோடு கையாக, மேடு ஏறும் லாரிகளை இடப்பக்கம் போகச் சொல்லிக் கை காட்டவும் ஆரம்பித்தேன். பங்க்சர் கடை அப்துல் ஷுக்கூர் பாய் தன் கடைச் சுவரில் பாதியை எனக்குக் கொடுத்தார். பன்னிரண்டாவது வரை படித்தது வீணாகவில்லை. பெயிண்ட் வாங்கி நானே எழுதினேன்: ‘இடது பக்கம் போ ராசா, வீட்டில் காத்திருக்கிறாள் ரோசா.’

அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தவன்தான் குப்புராஜ். அரூர்க்காரன். நாற்பது வயது இருக்கும், நெற்றியில் எப்போதும் திருநீறு.

“எங்க வூட்டுக்காரி பேரு சென்னம்மாங்க்கா. ரோசா யாருன்னே தெரியாது. அதான் ரைட்ல போறேன்” என்றான்.

“சென்னம்மான்னு வேணா மாத்தி எழுதிடட்டுமா?”

“ஐயோ வேணாங்க்கா. அப்பறம் அவ நெசமாவே ரோட்டுல வந்து நிப்பா.”

அன்றிலிருந்து அவனுக்கு நான் லெஃப்ட் அக்கா. போகும்போது வரும்போதெல்லாம் பாய் கடையில் நிறுத்தி, பக்கத்தில் டீ வாங்கிக் குடிப்பான். எனக்கும் ஒன்று சொல்வான். நான் தடத்தைப் பற்றிப் பேசுவேன், அவன் மறுப்பான். “லெஃப்ட்ல போனா பஸ்ஸு, மாடு, பைக்கு, பஞ்சாயத்து. ரைட்டு ராஜா வீதிங்க்கா.” மற்ற டிரைவர்கள் கூட நின்று கேட்பார்கள். அவனோடு பேசும் நாட்களில் எனக்கு வீட்டில் சமைக்கத் தோன்றும். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஒருநாள் ஷுக்கூர் பாய் அவனுடைய சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே, “ஏம்பா, ஒரு நாளாச்சும் லெஃப்ட்ல போய்ப் பாத்திருக்கியா?” என்று கிண்டலாகக் கேட்டார்.

“போனேனே பாய். போன போகி அன்னிக்கு. இந்த மேட்டுலதான். ஒரே ஒரு நாள் லெஃப்ட்ல போனேன், அந்த வளைவுகிட்ட வண்டிக்கு அடியில ஜாயிண்ட் கழண்டு நின்னு போச்சு. மரத்துல ஏறித் தழை ஒடிச்சுப் போட்டு, கல்லு வச்சு, பண்டிகையும் அதுவுமா பாதி நாள் அங்கயே போச்சு. அதுலருந்து லெஃப்ட்டு எனக்கு ராசியில்லன்னு வுட்டுட்டேன்.”

“தழைய எடுத்தியா?” என்று நான் கேட்டேன்.

“யாருக்கா எடுப்பாங்க? வண்டி கெளம்புனதே பெருசு. பொங்கலுக்கு வூட்டுக்குப் போவ வேணாமா?”

ஷுக்கூர் பாயின் கையில் ஸ்பானர் அப்படியே நின்றது. அந்தப் போகிக்கு அந்த வளைவில் நின்றது ஒரே வண்டிதான் என்று அவருக்குத் தெரியும். அவர்தான் ஜாயிண்ட் மாட்டியவர், வருடத்தில் எத்தனையோ வண்டி பார்ப்பவர், வண்டியின் முகம் மறந்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் குப்புராஜுக்கு இன்னொரு டீ சொன்னேன். அவன் போனபிறகு, “அவன்கிட்ட சொல்லட்டுமா தங்கச்சி?” என்றார். வேண்டாம் பாய், பாவம், அவனுக்குத் தூக்கம் வராது என்றேன். நான் அப்படிச் சொன்னதற்குப் பாயே சாட்சி. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குப் பிறகும் அவனோடு டீ குடித்தேன், சிரித்தேன், தடத்தைப் பற்றிப் பேசினேன்.

இனி அன்றைக்கு நடந்தது. மத்தியான வெயில். வளைவைத் தாண்டி வலது தடத்தில் அவன் லாரி நின்றது. திரும்பவும் அதே ஜாயிண்ட். இப்போதெல்லாம் கிளீனர் கிடைப்பதில்லை, அவன் தனி ஆள். வளைவுக்கு முன்னால் தழை போட்டிருந்தான். அது இல்லாவிட்டால் வண்டி நிற்பது கீழிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு, அடியில் படுத்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“வண்டி நின்னுருச்சா ராசா?” என்றேன்.

“யாரு, லெஃப்ட் அக்காவா? உங்க சாபந்தான்க்கா.”

“லெஃப்ட்ல போயிருந்தா ஓரமா ஒதுங்கியிருக்கலாமில்ல.”

“சரிங்க்கா, இந்த ஒருவாட்டி வுட்ருங்க. நாளையிலருந்து லெஃப்ட்டு.”

“சத்தியமா?”

“சென்னம்மா மேல சத்தியம்.” அடியிலிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. “அக்கா, வளைவுக்கு முன்னாடி தழை போட்டிருக்கேன். பாய் ஜாயிண்ட் கொண்டாந்து மாட்டுனதும், மறக்காம எடுத்துக்கங்க. எல்லாம் உங்களுக்குத்தான்.”

சரி ராசா என்று சொல்லிவிட்டு நடுத்திட்டை ஒட்டியே வளைவைச் சுற்றித் திரும்பி வந்தேன். தழை நன்றாகப் பசுமையாக இருந்தது. ஒவ்வொரு கொம்பாக எடுத்து அடுக்கிக் கயிற்றில் கட்டினேன். ஒரு இலைகூட விடவில்லை. எப்போதுமே நான் அந்த வேலையைச் சுத்தமாகச் செய்வேன். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்து இடப்பக்கம் வந்து நின்றேன்.

அப்போது கீழிருந்து இரண்டு லாரிகள் ஏறி வந்தன. இடது தடத்தில் ஒரு டேங்கர். அதற்குப் பின்னால் தக்காளி லாரி, அதை ஓட்டிவந்தவர் முருகன். இந்தச் சாலையில் ஓடுகிற டிரைவர்களுக்கு என்னைத் தெரியும். லெஃப்ட் அக்கா தழையைத் தூக்கிக்கொண்டு போனால் வண்டி கிளம்பிவிட்டது, சாலை காலி என்று அர்த்தம். ஒரு வருடமாக நானே பழக்கிய அர்த்தம் அது. முருகன் என்னைப் பார்த்தார், தலைமேல் இருந்த தழையைப் பார்த்தார், நன்றி சொல்வது போலக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அவர் வலது தடத்துக்கு ஏறி டேங்கரை முந்தத் தொடங்கினார். இரண்டும் சேர்ந்தாற்போல் வளைவுக்குள் போயின. அவருக்கு ஒதுங்க இடம் இருந்திருக்காது.

முருகன் வேகமாக வரவில்லை. தூங்கவில்லை. தழை கிடக்கவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வது உண்மை. அவர் இப்போது ஜெயிலில் இருப்பது சரியில்லை. அவர் மனைவி என்னிடம் வந்து உட்கார்ந்து அழுதாள். அதனால்தான் நானே உங்களைத் தேடி வந்தேன். “பழக்கதோஷம்மா. வண்டி போயிருச்சுன்னு நெனச்சு ஆட்டுக்காக எடுத்துட்டீங்க. உங்க மேல பெரிய கேஸ் வராது. அதையே எழுதிக் குடுங்க” என்று ஆறுதல் சொன்னீர்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனசு இலேசாக இருந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

வண்டி நிற்பது எனக்குத் தெரியும் என்பதை மேலே எழுதிவிட்டேன். மற்றபடி அவன் எனக்குத் தருவதாகச் சொன்னதைத்தான் எடுத்தேன். ஒருமுறை அவன் எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் போனான், ஒருமுறை நான் எடுக்க வேண்டிய நேரத்துக்கு முந்தி எடுத்தேன். ஆடுகள் பசியோடு இருந்தன. இப்படிச் சொல்லிப் பார்த்தால் எனக்கே நியாயமாகப் படுகிறது. பல நாள் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. என்ன தழை என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது, நீங்கள் ஆடு வளர்த்தவர் இல்லை. வலது தடத்தில் நின்றுபோன தனி ஆள், லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து மரம் தேடிப் போக முடியாது. கைக்கெட்டிய நடுத்திட்டிலிருந்துதான் ஒடித்திருந்தான், பூவும் மொட்டுமாக. எடுக்கும்போதே கையெல்லாம் பால் ஒட்டியது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினேன். கட்டைப் பிரிக்காமலே பட்டிக்கு வெளியே போட்டேன். காய்ந்து இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது, ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

முருகனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் வரும்போது ஆடுகளை ஷுக்கூர் பாய் பார்த்துக்கொள்வார், சொல்லிவிட்டேன். கலெக்டரம்மா நன்றாக இருக்கிறாள். மேயப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கட்டைத் தாண்டித்தான் போகிறாள். அரளியை அவள் இன்றைக்கும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.