அசல் சுவர்

வெள்ளை மணல் எனக்குப் பிடிக்காது. பார்த்தாலே குமட்டும். எங்கள் கோல்ஃப் கிளப்பின் பங்கர்களை, அதாவது பந்தைச் சிக்கவைக்க வெட்டும் மணல் குழிகளை, முந்தைய கமிட்டி அப்படித்தான் கெடுத்துவைத்திருந்தது. ஓரமெல்லாம் வளைவு வளைவாக இழைத்து, உள்ளே ஆர்.எஸ்.புரம் நகைக்கடையில் கம்மலுக்கு அடியில் வைக்கும் பஞ்சு மாதிரி மணலை நிரப்பியிருந்தார்கள். மெம்பர்கள் அதில் குடும்பத்தோடு நின்று செல்ஃபி எடுப்பார்கள். விழுந்த பந்தை யார் வேண்டுமானாலும் ஒரே அடியில் வெளியே அனுப்பிவிடலாம். அப்புறம் பங்கர் எதற்கு?

கமிட்டிப் பொறுப்பு என் கைக்கு வந்ததும், மைதானத்தை முதலில் வடிவமைத்தவர் வைத்தபடியே எல்லாவற்றையும் திருப்பிக் கட்டுவதென்று முடிவெடுத்தேன். அவருடைய பங்கர்களில் சுற்றிலும் மண்ணோடு வெட்டியெடுத்த புல்பத்தைகளை அடுக்கிய செங்குத்துச் சுவர் இருக்கும். முதல் பங்கரை முடிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்ட காலையில் ஜேசிபி ஓட்டும் முஜீப், "மண்ணு ஊறிக் கெடக்குதுங்க சார். இன்னைக்கு யாரையும் எறக்க வேண்டாமுங்க," என்றார். புல் வேலைக்கு வரும் பாவாத்தாளை இறங்கிச் சேற்றை வழித்துவிடச் சொன்னேன். அவர் இறங்கினார்.

வடக்குப் பக்கச் சுவர் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. மண் பாவாத்தாளைக் கழுத்துவரை மூடியது.

முஜீப் ஓடிவந்தார். "சாவியக் குடுங்க சார். அந்தப் பக்கத்த ஒடைச்சு வண்டிய எறக்கிப்போடறேன்," என்றார். வண்டிச் சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். அவர் உடைக்கக் கேட்டது தெற்குச் சுவரை. நன்றாக நின்றுகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"மம்முட்டில எடுங்க, போதும்," என்றேன்.

பாவாத்தாள் என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், நெஞ்ச அமுக்குதுங்க. கொஞ்சம் சீக்கிரமா எடுக்கச் சொல்லுங்க."

மண்ணும் எச்சிலும் வழியும் வாயோடு அவர் அப்படிக் கெஞ்சியது எனக்கு அருவருப்பாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆட்கள் அள்ள அள்ள மேலிருந்து ஈரமண் இறங்கிக்கொண்டே இருந்தது. முஜீப் என் சட்டைப்பையைக் கிழித்துச் சாவியைப் பிடுங்கியபோது பாவாத்தாளிடம் பேச்சில்லை. வண்டி தெற்குச் சுவரை உடைத்தது. நான் கத்தியது அப்போதுதான்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று முதலில் வந்த உங்கள் போலீஸ்காரர்களிடம் சொன்னேன். முஜீப்பையும் அப்படியே சொல்லச் சொன்னேன். அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். பரவாயில்லை, இன்ஸ்பெக்டர். சாவியைக் கொடுத்திருந்தால் பாவாத்தாள் பிழைத்திருப்பார். அது தெரிந்துதான் கொடுக்கவில்லை. ஒரு மனிதர் யோசித்துச் செய்ததை யாராவது ஒருவர் மாற்றாமல் காப்பாற்ற வேண்டும்.

"ஏனுங்க, மொதல்ல வடிவமைச்சவரு கட்டுனப்ப அந்தச் செவுரு எத்தன ஒசரமுங்க?" என்று சற்று முன் கேட்டீர்கள்.

இடுப்பளவு. அதை ஆள் மறையும் உயரத்துக்கு எழுப்பச் சொன்னது நான். அவர் இன்று இருந்திருந்தால் அதைத்தான் விரும்பியிருப்பார்.