தொண்டையில் வைத்த கை

மார்னி: அந்தப் பக்கம் திரும்பாதே, ஜோலின். உன் உதடு தெரிஞ்சாத்தானே நீ பேசுறது எனக்குப் புரியும்?

ஜோலின்: ஓட்ஸ் அடிபிடிக்குது…

மார்னி: பிடிக்கட்டும். சொல்லு. என் பிள்ளைக்குக் குரல் இருக்கா, இல்லையா?

ஜோலின்: வெஸ்லிக்கா! அவன் அழுதா தெருவே எழுந்துக்குது. உனக்குக் காது கேக்காதது உன் அதிர்ஷ்டம்.

மார்னி: கிண்டல் வேண்டாம். நான் அழுகையைப் பத்திக் கேக்கலை.

ஜோலின்: பேசுவான்டீ. இன்னும் ரெண்டு வயசுகூட…

மார்னி: என்னைப் பாத்து 'மம்மா'ன்னு வாயசைக்கிறான். உதட்டை ஒட்டி ஒட்டித் திறக்கிறான். தொண்டையில கை வச்சுப் பாத்தேன். அதிர்வே இல்ல.

ஜோலின்: குளிர்ற ஏரிக்காத்துல நடந்து வந்தே. கை மரத்துப் போயிருக்கும்.

மார்னி: ஜோலின். மத்தியானம் ஸ்பீச் தெரபிஸ்ட் வராங்க. காது கேக்காத அம்மாகிட்ட வளர்ந்தா இப்படித்தான்னு எழுதிட்டா? இவனை வேற எங்கயாவது…

ஜோலின்: யாரு கொண்டுபோவா? இவன் அப்பா, என் அண்ணன், விட்டுடுவானா?

மார்னி: உன் அண்ணன் கப்பல்ல இருக்கான். நான் பேக்கரிக்குப் போனா நாள் முழுக்க இவன் உன்கூடத்தான். நீ கேட்டிருப்பே.

ஜோலின்: …அவனுக்குக் காது நல்லாவே கேக்குது.

மார்னி: அப்புறம் ஏன்?

ஜோலின்: உன்னைப் பாத்துத்தான். நீ அவன்கிட்ட சத்தமில்லாம வாயை மட்டும் அசைக்கிறே இல்ல… அம்மாகிட்ட இப்படித்தான் பேசணும்னு பழகிட்டான்.

மார்னி: என்கிட்ட. சரி… உன்கிட்ட?

ஜோலின்: …சத்தமா. 'பா' வருது. 'மா' வருது. 'கா' மட்டும் இன்னும் 'தா'தான்.

மார்னி: எப்போலேருந்து?

ஜோலின்: கோடையிலேருந்து.

மார்னி: இத்தனை நாளும் வாயைத் திறக்கலையே நீ?

ஜோலின்: எப்படிச் சொல்ல… அவன் முதல்ல சத்தமா கூப்பிட்டது… மார்னி, நான் திருத்திக்கிட்டேதான் இருக்கேன், சத்தியமா…

மார்னி: 'மம்மா'ன்னு. உன்னை.

ஜோலின்: உனக்கு… உனக்கு எப்படித் தெரியும்?

மார்னி: நேத்து சீக்கிரம் வந்துட்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்னேன். அவன் உதடு ஒட்டித் திறந்துது. அடுப்பைப் பாத்து, முதுகைக் காட்டிட்டு நின்ன நீ… திரும்பிப் பாத்தே.